திருப்பாணாழ்வாரை வளர்த்த தாய்

தமிழ்நாட்டுத் திருச்சபையில் பண்பாட்டையும் நற்செய்தியையும் இணைத்துப் பேசும்பொழுது, பண்பாடு என்பது நூல்களிலும் கோயில்களிலும் இருப்பதாகவே நாம் பெரும்பாலும் கொண்டுவிடுகிறோம். நூலில் ஏறுவதற்கு முன் அது ஒரு தாயின் வாயில் இருந்தது. அங்கிருந்து மடியில் கிடந்த பிள்ளையின் செவிக்குச் சென்றது. எழுத்தறிவு மறுக்கப்பட்டு, ஊருக்குப் புறத்தே வைக்கப்பட்ட இம்மண்ணின் மக்களிடையே பிறந்த தாய்மார், தம் பிள்ளைகளுக்கு எத்தகைய வலிமையைக் கொடுத்தனர்? அக்கொடையைச் சமய வரலாறுகள் எவ்வாறு பதிந்துவைத்தன, அல்லது பதியாமல் விட்டன? திருவரங்கத்தோடு தொடர்புடைய திருப்பாணாழ்வாரின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிற சமயத்தாரின் அடியார் வரலாற்றை ஆராயப் புகுவோர் அடக்கத்தோடு அதனை அணுகுதல் வேண்டும். வைணவ மரபைக் குறை கூறுவது நம் கருத்தன்று. சாதி வேலியைத் தாண்டி ஓர் அடியாரைக் கருவறைவரை கொண்டுசென்ற கதை அம்மரபில் பல நூற்றாண்டுகளாகப் போற்றப்பட்டு வருகிறது. அது சிறிய செய்தியன்று. எனினும் அதே கதையில் நிகழ்ந்துள்ள ஒரு விடுபாடு நம் திருச்சபையின் வரலாற்றிலும் நிகழ்ந்திருப்பதால், அதனை நுணுகிக் காண்பது நமக்குப் பயன் தரும்.

1. வரலாறு கூறுவது

காவிரியின் தென்கரையில் உள்ள உறையூர் முற்காலச் சோழரின் தலைநகர்; இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதி. ஆற்றுக்கு அப்பால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த தீவில், ஏழு திருச்சுற்றுகளின் நடுவே அரங்கநாதர் பள்ளிகொண்டுள்ளார். திருப்பாணாழ்வாரின் காலத்தை அறிஞர் பொதுவாக எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளை ஒட்டி வைப்பர். அவருடைய வாழ்க்கையை நாம் குருபரம்பரை நூல்களின் வழியாகவே அறிகிறோம். அந்நூல்கள் ஆழ்வாரின் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டவை என்பதை முதற்கண் நினைவிற் கொள்ள வேண்டும்.

மரபு கூறும் செய்தியின் சுருக்கம் இது. உறையூரில் நெல் வயலில் ஓர் ஆண் குழந்தை கிடந்தது. மகப்பேறு இல்லாத பாணர் குலத்துக் கணவனும் மனைவியும் அதனைக் கண்டெடுத்து வளர்த்தனர். வளர்ந்த பிள்ளை யாழ் மீட்டிப் பாடுவதில் சிறந்து விளங்கினார். திருவரங்கத் தீவில் கால் வைக்கத் தம் குலத்துக்கு உரிமையில்லை என்று கருதிக் காவிரியின் தென்கரையிலேயே நின்று, அரங்கனை நோக்கிப் பாடிவந்தார். ஒருநாள் திருமஞ்சனத்துக்கு நீர் கொணர வந்த லோகசாரங்கர் என்னும் முனிவர், வழியில் நின்ற பாணரை விலகுமாறு கூவினார். பாட்டில் தம்மை மறந்து நின்றவர் செவியில் அது விழவில்லை. முனிவர் எறிந்த கல் பட்டுக் குருதி பெருகியது. பின்னர் அரங்கநாதர் முனிவரின் கனவில் தோன்றி, அப்பாணரைத் தோளில் சுமந்து தம்மிடம் கொணருமாறு பணித்தார். அவ்வாறே சுமந்து செல்லப்பட்ட பாணர், இறைவனைக் கண்டு பத்துப் பாசுரங்கள் பாடி, அவ்விடத்திலேயே இறைவனோடு கலந்தார். அப்பத்தும் ‘அமலனாதிபிரான்’ என்ற பெயரால் நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தில் இடம்பெற்றுள்ளன.

இவ்வரலாற்றில் முனிவருக்குப் பெயர் உண்டு. ஊருக்கும் ஆற்றுக்கும் பெயர் உண்டு. ஆழ்வார் தோன்றியதாகக் கொண்டாடப்படும் கார்த்திகை மாதத்து ரோகிணி நாளும் குறிக்கப்பட்டுள்ளது. வயலிலிருந்து குழந்தையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு சேர்ந்த பெண்ணின் பெயரோ, பரவலாக வழங்கும் இவ்வரலாற்றில் இல்லை. பிள்ளை வளர்ந்ததும் அவள் கதையிலிருந்து மறைந்துவிடுகிறாள். கல்லடி பட்ட செய்தி கேட்டு அவள் என்ன செய்தாள், தோளில் ஏறிச் சென்ற மகன் திரும்பி வராதபோது அவள் எங்கே நின்றாள் என்று வரலாறு கேட்கவில்லை.

2. வயிற்றிற் பிறவாத பிறப்பு

ஆழ்வாரை வயிற்றிற் பிறவாதவர், அதாவது அயோநிசர், என்று மரபு போற்றுகிறது. இழிகுலம் என்று அக்காலச் சமூகம் ஒதுக்கிய ஒரு குலத்துப் பெண்ணின் வயிற்றில் ஓர் ஆழ்வார் பிறந்தார் என்று சொல்ல மனம் ஒப்பாமையே இக்கற்பனைக்குக் காரணம் என்று சிலர் கருதுவர். இம்முடிவை நாம் விரைந்து ஏற்றுக்கொள்ளலாகாது. முதலாழ்வார் மூவரும் மலரில் தோன்றியவராகவே கூறப்படுகின்றனர். ஆண்டாள் திருவில்லிபுத்தூர்த் துளசித் தோட்டத்தில் கண்டெடுக்கப்பட்டார். அவரை வளர்த்த பெரியாழ்வார் அந்தணர். ஆகவே அயோநிசப் பிறப்பு என்னும் கருத்து, தெய்வத்தன்மையைக் காட்டும் பொதுவான உத்தி என்பது உண்மை.

ஆயினும் ஒப்பிட்டு நோக்கின் ஒரு வேறுபாடு புலப்படும். ஆண்டாளின் வரலாற்றில் வளர்ப்புத் தந்தையின் தோட்டமும் மாலையும் தமிழும் பெருமையோடு பேசப்படுகின்றன. ஆண்டாளும் தம் பாடல்களின் முடிவில் தம்மைப் பெரியாழ்வாரின் மகளாகவே அறிவித்துக்கொள்கிறார். அங்கு வளர்ப்பு பெருமைக்குரிய செல்வம். பாணரின் வரலாற்றிலோ பிறப்புக் குறையை நீக்கிய பின்னர் வளர்ப்பு எடுத்துரைக்கத்தக்க பொருளாகக் கொள்ளப்படவில்லை. திருமழிசையாழ்வாரும் கைவிடப்பட்ட குழந்தையாகக் கிடந்து, பிரம்பு அறுத்துப் பிழைத்த ஒருவரால் எடுத்து வளர்க்கப்பட்டவர். அங்கு வளர்த்தவர் திருவாளன் என்றும் அவர் மனைவி பங்கயச்செல்வி என்றும் பெயர்களையாவது மரபு காத்துவைத்தது. உறையூர்த் தாய்க்கு அதுவும் கிட்டவில்லை.

வைணவத்துக்கு வெளியேயும் இத்தகைய போக்கைக் காணலாம். கபிலர் அகவல் என்னும் நூலோடு தொடர்புடைய கதையில், வள்ளுவரும் ஔவையும் கபிலரும் ஆதி என்னும் ஒடுக்கப்பட்ட குலத்துத் தாயின் பிள்ளைகள். அங்கு அவள் வயிறு மறுக்கப்படவில்லை. பெற்ற பிள்ளை ஒவ்வொன்றையும் பிறந்த இடத்திலேயே விட்டுச் செல்லுமாறு கணவனால் கட்டாயப்படுத்தப்படுகிறாள். பிள்ளைகள் பிறர் வீடுகளில் வளர்ந்து பெரியோராகின்றனர். ஒரு கதையில் வயிறு இல்லை. மற்றொரு கதையில் மடி இல்லை. பெற்றும் வளர்த்தும் தன் செல்வத்தைப் பிள்ளைக்குக் கையளித்த ஒடுக்கப்பட்ட தாய் ஒருத்தியைக் கதை சொல்வோர் எளிதில் கற்பனை செய்யவில்லை என்றே இவ்விரண்டும் காட்டுகின்றன.

3. பத்துப் பாசுரங்களின் சான்று

வரலாறு மறைத்ததைப் பாடல் காட்டக்கூடுமா என்பது திறனாய்வாளர் கேட்க வேண்டிய அடுத்த வினா. ‘அமலனாதிபிரான்’ பாசுரங்களில் கல்லெறிந்த நிகழ்ச்சி இல்லை. தோளில் சுமந்த செய்தி இல்லை. குலத்தைப் பற்றிய புலம்பலும் இல்லை. பாடியவர் பெயரைச் சொல்லும் முத்திரையும், பாடுவோர் பெறும் பயனைச் சொல்லும் இறுதிப் பாட்டும் இல்லை. கண் ஒன்றே பாசுரங்கள் முழுவதும் பேசுகிறது. திருவடியில் தொடங்கிய பார்வை, ஆடை, உந்தி, இடையிற் கட்டிய உதரபந்தம், மார்பு, கழுத்து, வாய், கண் என்று படிப்படியாக மேலேறுகிறது. ஒன்பதாம் பாசுரத்தில் அது திருமேனி முழுவதிலும் ஈடுபட்டு, பத்தாம் பாசுரத்தில் வேறொன்றையும் காணத் தேவையற்ற நிறைவை அடைகிறது.

உறுப்புகளை ஒழுங்குபட வருணிக்கும் இம்முறை எங்கிருந்து வந்தது? தெய்வங்களை அடி முதல் முடி வரை பாடுவது வடமொழி மரபிலும் உண்டு. அதனை மறுக்கவேண்டுவதில்லை. ஆயினும் தமிழிலேயே, அதுவும் இசைவாணர் குலத்தோடு நெருங்கிய இலக்கியத்திலேயே, அதற்குத் தொன்மையான முன்மாதிரி இருப்பதை மறத்தலாகாது. சோழன் கரிகாலனைப் போற்றும் பொருநராற்றுப்படை, உடன் செல்லும் பாடினியின் உருவைக் கூந்தல் தொடங்கி அடி வரை ஒவ்வோர் உறுப்பாக வருணிக்கிறது. பசியோடு வழிநடக்கும் ஒரு பாட்டுக்காரப் பெண்ணை மாண்போடு பார்க்கத் தெரிந்த கண் அது. அக்கண்ணின் பயிற்சி திருப்பாணரிடம் திசை மாறி, அடியிலிருந்து மேல்நோக்கி இறைவனைப் பார்க்கிறது என்று கொள்வது பொருந்தும். இது நம் ஊகமே. எனினும், இத்தகைய கட்டுக்கோப்பையும் ஓசையமைதியையும் ஒருவர் கற்க ஒரு வீடும் ஒரு குலமும் அவருக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பது ஊகம் அன்று.

இப்பாசுரங்களுக்குப் பெரியவாச்சான் பிள்ளை, அழகிய மணவாளப் பெருமாள் நாயனார், வேதாந்த தேசிகர் முதலிய பேரறிஞர் உரை கண்டுள்ளனர். முதல் மூன்று பாசுரங்களின் முதலெழுத்துகளான அ, உ, ம என்பவை சேர்ந்து பிரணவத்தைக் குறிக்கின்றன என்பது வைணவ உரை மரபில் புகழ்பெற்ற விளக்கம். பாணர் பாட்டின் தலைவாயிலில் வேதத்தின் வித்தைக் காண்பது உயர்ந்த பாராட்டுத்தான். ஆனால் அதே பாட்டில் யாழின் வித்தைத் தேட வேண்டும் என்ற எண்ணம் அவ்வுரைகளில் முதன்மை பெறவில்லை. ஒடுக்கப்பட்டவன் கொணர்ந்த செல்வத்தை ஏற்றுக்கொள்ள, அது முன்பே நம்முடையதாய் இருந்தது என்று காட்டவேண்டிய தேவை சமய நிறுவனங்களுக்கு எழுகிறது. இப்பழக்கம் திருவரங்கத்துக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

4. பாணர் குலமும் அதன் பெண்களும்

பாணரை இழிந்தோர் என்று கருதிய சமூகம் பிற்காலத்தது. துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரையே குடிகள் என எண்ணும் ஒரு பாட்டு புறநானூற்றில் உள்ளது. வேந்தரிடம் உரிமையோடு உரையாடி, பொற்றாமரை பெற்று, ஊர் ஊராகச் சென்ற மக்கள் அவர்கள். அவர்களோடு விறலியரும் பாடினியரும் ஆடியும் பாடியும் சென்றனர். மீனைக் கொடுத்து நெல் பெற்றுக் குடும்பம் காத்த பாண்மகளிரை ஐங்குறுநூறு காட்டுகிறது. ஆக, பாணர் வீட்டுப் பெண் இசையில் வல்லவள், உழைப்பில் நிற்பவள்; கலையையும் உணவையும் ஒரே கையால் பிள்ளைக்குக் கொடுத்தவள்.

பெண்வழியே இசை காக்கப்பட்டது என்பதற்குச் சைவ மரபு அரியதொரு சான்றைத் தருகிறது. தேவாரப் பாடல்களைத் தேடி எடுத்தபின், அவற்றுக்குரிய பண்முறை தெரியாமல் அரசனும் நம்பியாண்டார் நம்பியும் கலங்கினர் என்றும், திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில், திருஎருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த ஒரு பெண்ணைக் கொண்டே பண்கள் வகுக்கப்பட்டன என்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. ஏட்டில் சொல் இருந்தது. இசையோ அப்பெண்ணின் குரலில் இருந்தது. அவளுக்கு அதைக் கற்பித்தவர் யாவர் என்று புராணம் விரிக்கவில்லை. அவளுடைய பெயரும் அதில் இல்லை. ஆனால் அவள் இருந்தாள் என்பதையும், அவளின்றித் தேவாரத்தின் இசை மீண்டிராது என்பதையும் அது ஒப்புக்கொள்கிறது. பெரியபுராணமும் யாழ்ப்பாணரின் துணைவியாரை மதங்கசூளாமணியார் என்று பெயர் சொல்லி, கணவரோடு ஒப்ப நிறுத்துகிறது.

திருவரங்கத்தில் நிலைமை வேறு. நாதமுனிகள் பிரபந்தத்தைத் தொகுத்துத் தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் இசையோடு கற்பித்தார் என்பது மரபு. அதன் வழிவந்த அரையர் சேவை ஆண்மக்களின் உரிமையாகவே தொடர்ந்து வருகிறது. தாயின் குரலில் அமைந்த பாசுரங்களையும் மகளின் குரலில் அமைந்தவற்றையும் அரையரே அபிநயித்துப் பாடுகிறார். அக்கலையின் சிறப்பை நாம் மதிக்கிறோம். ஆயினும் பாணர் வீட்டிலிருந்து வந்த பாட்டு, பாணர் வீட்டுக்குத் திரும்பிச் செல்லும் வழி அதில் இல்லை என்பதையும் குறிப்பிடாதிருக்க இயலாது.

5. முனிவரின் தோளும் தாயின் இடுப்பும்

ஆழ்வாருக்கு முனிவாகனர் என்ற சிறப்புப் பெயர் உண்டு. முனிவரை ஊர்தியாகக் கொண்டவர் என்பது பொருள். வேதாந்த தேசிகர் தம் உரைக்கு முனிவாகன போகம் என்றே பெயரிட்டார். கல்லெறிந்த கையை உடையவர் தம் தோளைத் தாழ்த்தியதை மரபு மறவாமல் ஒரு பெயராக்கி வைத்தது போற்றத்தக்கது. எறிந்தவர் வருந்தித் திருந்தினார் என்பதும் இக்கதையின் அறவலிமைக்குக் காரணம்.

ஆனால் தோளில் சுமந்தது ஒரு நாள். பெயரறியாப் பெண்ணொருத்தி இடுப்பில் சுமந்தது பல ஆண்டுகள். அவளுடைய சுமத்தல் பெயராகவில்லை. மேல்நிலையில் உள்ளோர் ஒருமுறை குனிவதை வரலாறு பொன்னெழுத்தில் பொறிக்கிறது. கீழ்நிலையில் உள்ளோர் நாள்தோறும் தாங்குவதை இயல்பென்று விட்டுவிடுகிறது. இக்கதையின் மீது நாம் வைக்கும் திறனாய்வின் சாரம் இதுவே.

மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தாய் பிள்ளைக்குப் பாட்டை மட்டுமா கற்பித்திருப்பாள்? ஆற்றைக் கடக்காதே, வழியில் நில்லாதே, எதிரே பெரியவர் வந்தால் ஒதுங்கு என்றும் அவளே கற்பித்திருக்க வேண்டும். பிள்ளையின் உயிரைக் காக்க வேறு வழி அவளுக்கு இல்லை. ஒடுக்கப்பட்ட தாய்மையின் கொடிய முரண் இது: நிமிர்ந்து பாடக் கற்பித்த அதே வாயால் குனிந்து ஒதுங்கவும் கற்பிக்க வேண்டியிருக்கிறது. அன்று ஆற்றங்கரையில் பாணர் ஒதுங்கவில்லை. முதற் பாடம் இரண்டாம் பாடத்தை வென்ற நேரம் அது. அவர் குருதி சிந்தியதும் அதனாலேயே.

இறுதியாக, இறைவனோடு கலந்த பாணர் உறையூர்ச் சேரிக்குத் திரும்பவில்லை. தில்லையில் தீயிற் புகுந்து எழுந்த நந்தனாரும் ஆதனூர்க்குத் திரும்பவில்லை. தனியொருவர் ஏற்கப்படுகிறார், அவருடைய தெரு அப்படியே இருக்கிறது. 1939-இலும் 1947-இலும் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் தேவைப்பட்டன என்பதே, ஒருவரைத் தோளில் ஏற்றியதால் அவருடைய மக்களுக்கு வாயில் திறந்துவிடவில்லை என்பதற்குப் போதிய சான்று.

6. திருமறையில் ஓர் ஒப்புமை

நீரில் கண்டெடுக்கப்பட்ட மற்றொரு குழந்தையைத் திருமறை அறியும். மோசேயின் கதையில் இளவரசி பிள்ளையை எடுத்து மகனாக்கிப் பெயரிடுகிறாள். அவ்வளவில் கதை நின்றிருந்தால், அடிமைகளின் மகன் அரண்மனையின் கொடையாகவே விளங்கியிருப்பான். யாத்திராகமத்தின் ஆசிரியர் அவ்வாறு விடவில்லை. தொலைவில் நின்று பார்த்த தமக்கையையும், கூலிக்குப் பாலூட்ட அழைக்கப்பட்ட பெற்ற தாயையும் கதைக்குள் கொணர்கிறார். தன் பிள்ளைக்குத் தானே பாலூட்ட, ஒடுக்குவோரின் வீட்டிலிருந்தே அவள் கூலி பெறுகிறாள். இரண்டாம் அதிகாரத்தில் பெயரின்றி நிற்கும் அத்தாய், ஆறாம் அதிகாரத்தில் யோகெபேத் என்று பெயர் பெறுகிறாள். மருத்துவச்சியரான சிப்பிராளும் பூவாளும் முதல் அதிகாரத்திலேயே பெயரோடு நிற்க, அவர்களுக்கு எதிரே நின்ற பார்வோனின் பெயர் சொல்லப்படாமலே போகிறது.

வளர்ந்த மோசே தன் சகோதரரிடம் சென்று அவர்களுடைய சுமைகளைப் பார்த்தான் என்று வரலாறு தொடர்கிறது. அவர்களே தன் சகோதரர் என்று அரண்மனைப் பிள்ளைக்குச் சொன்னவர் யார்? அரண்மனை சொல்லியிராது. பாலோடு ஊட்டப்பட்ட அறிவு என்றே நாம் கொள்ளவேண்டும். அவ்வறிவு அவனைத் தன் மக்களிடம் திருப்பி அனுப்பியது. விடுதலை அங்கிருந்தே தொடங்கியது. திருப்பாணர் கதைக்கும் மோசே கதைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இத்திரும்புதலில் உள்ளது. தாய் கதைக்குள் இருக்கும்போது, திரும்பிச் செல்லும் வழியும் கதைக்குள் இருக்கிறது.

புதிய ஏற்பாட்டிலும் இவ்வழி தொடர்கிறது. அன்னாளின் பாட்டின் எதிரொலி மரியாளின் பாட்டில் கேட்கிறது. தாழ்ந்தோர் உயர்த்தப்படுவர் என்ற அப்பொருளே நாசரேத்து ஜெப ஆலயத்தில் அவள் மகனின் வாயில் ஏழைகளுக்கான நற்செய்தியாக ஒலிக்கிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் லோவிசாள், ஐனிக்கேயாள் என்று பாட்டியையும் தாயையும் பெயர் சொல்லியே விசுவாசத்தின் வழி குறிக்கப்படுகிறது.

7. திருச்சபை கேட்க வேண்டியது

இவ்வளவும் நம்மிடத்தே இருந்தும், திருச்சபை தன் பிள்ளைகளை வயலில் கிடந்தவர்களாகப் பலமுறை எடுத்துக்கொண்டது. இதன் கொடிய வடிவத்தைக் கனடா நாட்டில் காணலாம். அங்கு அரசும் திருச்சபைகளும் இணைந்து நடத்திய உறைவிடப் பள்ளிகளில், ஏறத்தாழ 1,50,000 தொல்குடிக் குழந்தைகள் தாயின் மொழியும் பாட்டும் மறக்கும்படி வளர்க்கப்பட்டனர். அவற்றுள் கடைசிப் பள்ளிகள் 1990-களில்தான் மூடப்பட்டன. கனடா ஐக்கிய திருச்சபை 1986-இலும், ஆங்கிலிக்கன் திருச்சபை 1993-இலும் மன்னிப்புக் கேட்டன. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. பிள்ளையை மீட்பதாக எண்ணித் தாயைப் பறித்த அச்செயலில் நற்செய்தியின் பெயர் பயன்படுத்தப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

நம் நாட்டு மிஷன் விடுதிகளை அவற்றோடு ஒன்றாக வைப்பது நேர்மையாகாது. இங்குப் பெற்றோர் விரும்பியே பிள்ளைகளை அனுப்பினர். பள்ளிக் கதவு வேறெங்கும் திறவாத காலத்தில் அவ்விடுதிகள் திறந்தன. அங்குக் கற்ற எழுத்தால் தலைமுறைகள் நிமிர்ந்தன. ஆயினும் விடுதியிலிருந்து விடுமுறைக்கு வீடு திரும்பிய பிள்ளை, தாயின் பேச்சையும் தாலாட்டையும் தெருவின் பறையையும் கேட்டு நாணமுற்றது உண்டு. பல சபைகளில் ஒப்பாரி நம்பிக்கையற்றோரின் புலம்பல் என்று விலக்கப்பட்டது. இறந்தவரின் உழைப்பையும் பட்ட அவமானத்தையும் ஊரறியச் சொல்லும் ஒரே வாய்ப்பு அப்பெண்களுக்கு ஒப்பாரியாகவே இருந்தது என்பது எண்ணப்படவில்லை. மனமாற்ற சாட்சிகளிலும், இருளில் கிடந்த என்னை இன்னார் எடுத்தார் என்ற அமைப்பே பெருவழக்கு. அவ்விருளில் விளக்கேற்றிச் சோறிட்ட தாய்க்கு அச்சாட்சியில் இடம் கிடைப்பது அரிது. எடுத்தவரின் தோள் பேசப்படுகிறது, இடுப்பு மறக்கப்படுகிறது.

அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1974-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், எழுத மறுக்கப்பட்ட தாய்மாரின் படைப்பாற்றல் அவர்கள் வளர்த்த தோட்டங்களிலும் தைத்த போர்வைகளிலும் சொன்ன கதைகளிலும் வெளிப்பட்டது என்று காட்டினார். தமிழில் பாமாவின் ‘சங்கதி’ (1994) இப்பணியைச் செய்தது. ஊரில் பிள்ளைப்பேறு பார்க்கும் பாட்டியின் வாய்மொழியாகவே பெண்களின் கதைகள் அந்நூலில் பேத்தியிடம் வந்து சேர்கின்றன. ஆனால் பாமா பாட்டியைத் தெய்வமாக்கவில்லை. பேரனுக்கு ஒரு நீதியும் பேத்திக்கு ஒரு நீதியும் வைத்துப் பங்கிடுபவளாகவும் அவளைக் காட்டுகிறார். இந்நேர்மை நமக்கும் வேண்டும். தாய் கொடுப்பவை யாவும் வலிமை அல்ல. அச்சத்தையும், பெண் தாழ்ந்தவள் என்ற எண்ணத்தையும், சாதி உணர்வையும்கூட அவள் கையளிக்கக்கூடும். உறையூர்த் தாயும் ஒதுங்கக் கற்பித்தாள் என்று மேலே கண்டோம். ஆகவே தாயின் செல்வத்தை மதிப்பது என்பது அதைக் கண்மூடி ஏற்பதாகாது. நூல்களை எவ்வளவு கருத்தோடு ஆராய்கிறோமோ, அவ்வளவு கருத்தோடு அதையும் ஆராய்ந்து, தள்ளத்தக்கதைத் தள்ளி, கொள்ளத்தக்கதைக் கொள்வதாகும்.

இத்துறையில் வழி காட்டியவர் நம்மிடையே இல்லாமல் இல்லை. மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005-இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு அவர்கள், நாட்டுப்புற மெட்டுகளையும் பேச்சு மொழியையும் கொண்டு வழிபாட்டு முறைமைகளை அமைத்தார். கர்நாடக இசையும் மேலைநாட்டு ஞானப்பாட்டும் அறிந்த ஆலயத்தில், வயலில் நாற்று நடும் தாயின் இசையும் வழிபாட்டுக்கு உரியதே என்று அவர் நிறுவினார். தாயின் பாட்டு தாயிடமே திரும்பிச் செல்லும் வழியை அவர் திறந்தார் எனலாம். அப்பாடல்களைச் சிறப்பு நாட்களில் மட்டும் பாடிவிட்டு மற்ற நாட்களில் மறந்துவிடுகிறோமா என்பதை ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இறையியல் மாணவர்க்கு இதில் தனிப்பட்ட கடமை உண்டு. சிற்றூர்ச் சேரிகளிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் பலர். கிரேக்கமும் எபிரெயமும் கற்று, அங்கி அணிந்து, பீடத்தில் நிற்கும் நாளில் அவர்கள் தோளில் சுமக்கப்பட்டவர்களாகவே ஊராரால் பார்க்கப்படுகின்றனர். அவர்கள் தம் தாயிடமிருந்து பெற்ற சொற்களும் கதைகளும் வழக்குகளும், விடுதி அறைக்கு வெளியே விட்டுவர வேண்டிய பொருள்களாகக் கருதப்படலாகாது. அவை இறையியலின் மூலப்பொருள்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், தம் தாயும் பாட்டியும் அறிந்த தாலாட்டையும் ஒப்பாரியையும் அவர்கள் சொன்னபடியே எழுதிக் கொணர்ந்தால், நம் நூலகத்தில் எந்த விலைக்கும் கிடைக்காத ஏடுகள் சேரும். அவற்றை எழுதிக்கொள்ளும்போது, சொன்னவர் விரும்பினால் அவர் பெயரையும் எழுதுதல் வேண்டும்.

ஆயர்களுக்கு ஒரு சொல். ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயின் பெயருக்கு ஓர் இடம் உண்டு. குருபரம்பரை தராத அந்த இடத்தை நம் பதிவேடு தந்திருக்கிறது. அதை நிரப்பும் நேரத்தில் பெயரைக் கேட்டு எழுதுவதோடு நில்லாமல், பிள்ளையை உறங்கவைக்க அவள் என்ன பாடுகிறாள் என்றும் கேட்போமாக. அவள் கூறும் விடையிலிருந்தே அப்பிள்ளைக்குரிய நம் போதனை தொடங்கலாம்.